செக்ரோலும் துண்டும்

1911இல் இலங்கையில் குடிசனக் கணக்கு எடுத்தபோது தோட்டங்களில் வாழ்ந்தோர் தொகை 5 லட்சத்தைத் தாண்டியிருந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் திருச்சி, மதுரை, சேலம், திருநெல்வேலி, தஞ்சை, ராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து போனவர்கள், அல்லது அப்படிப் போனவர்களின் பிள்ளைகள். அவர்களை வேலை வாங்கிய வெள்ளைக்காரத் துரைமாரின் தொகையோ மிகச் சொற்பம். ஒரு தோட்டத்துக்கு ஒரு பெரிய துரை, தோட்டம் பெரிதாக இருந்தால் கூடவே ஒரு சின்னத்துரை. கப்பலிலிருந்து இறங்கும் சின்னத்துரைகளுக்காகவே கொழும்பில் ஃபெர்குசன் நிறுவனத்தார் 'இங்கே வா' என்ற பெயரில் ஒரு கையடக்கத் தமிழ் வழிகாட்டியை அச்சிட்டிருந்தார்கள். ஏவுவதற்கும் அதட்டுவதற்கும் அந்தத் தமிழ் போதும். ஒருவர் ஏன் இன்றைக்கு வேலைக்கு வரவில்லை என்று விசாரித்துப் புரிந்துகொள்ள அது போதாது. அப்படியிருக்க, மலைச்சரிவுகளில் சிதறி நின்ற பல நூறு பேரை இந்த ஒருவரோ இருவரோ எப்படி நாள் தவறாமல் வேலை வாங்கினார்கள்? அடி, உதை, சிறை என்று ஒரு பதில் உண்டு. ஊரில் பஞ்சம், போக்கிடம் இல்லை என்று இன்னொரு பதில் உண்டு. இரண்டும் உண்மைதான். ஆனால் அடிக்குப் பயந்தவர் அடுத்த தோட்டத்துக்கு ஓடலாம். பசித்தவருக்கு அந்த மலையில் வேலை கொடுக்கக் காத்திருந்த தோட்டங்களும் பல. இந்தத் தோட்டத்திலேயே, இந்தத் துரையிடமே அவரைக் கட்டிவைத்தது எது என்று கேட்டால், ஏடுகளைத்தான் காட்ட வேண்டும். எந்த ஏட்டில் யார் பெயர் ஏறும், எது ஏறாமல் விடப்படும், அந்த ஏடு யார் கையில் இருக்கும் என்பதைத் தீர்மானித்தவர்களே தோட்டத்தை ஆண்டார்கள். சீர்திருத்தங்கள் ஒவ்வொன்றாக வந்தபோதும் அந்தப் பிடி பெரும்பாலும் ஓர் ஏட்டை விட்டு இன்னோர் ஏட்டுக்கு நகர்ந்தது.

முதலில் பயிர் மாறியதைச் சொல்ல வேண்டும். காப்பிக் காலத்தில் ஆட்கள் பருவத்துக்கு வந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, வடக்கின் காடு வழியாக மாத்தளைக்கு நடந்து, பழம் பறித்து முடிந்ததும் உயிரோடு இருந்தவர்கள் ஊர் திரும்பினார்கள். வழியில் வாந்திபேதியால் செத்தவர்கள் ஏராளம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் காப்பி இலையில் துரு நோய் தென்பட்டது. இருபது ஆண்டுக்குள் காப்பி அழிந்து மலைநாடு தேயிலைக்கு மாறியது. தேயிலைக்குப் பருவம் இல்லை. ஒரு மலையில் கொழுந்து எடுத்து ஒரு வாரம், பத்து நாளில் அதே மலைக்குத் திரும்பி வர வேண்டும். விட்டால் இலை முற்றிவிடும். எடுத்த கொழுந்தை அன்றைக்கே ஆலைக்கு அனுப்ப வேண்டும். ஆகவே ஆண்டு முழுதும், குடும்பத்தோடு, தினமும் ஆள் வேண்டும். காப்பிக்காரனின் கவலை ஆள் வருவார்களா என்பது. தேயிலைக்காரனின் கவலை வந்தவர்கள் நாளைக்கும் இருப்பார்களா, இன்று காலை எத்தனை பேர் எழுந்து வந்தார்கள் என்பது. கட்டுப்பாட்டு முறை முழுவதும் இந்தக் கவலையைச் சுற்றித்தான் கட்டப்பட்டது.

அதன் நடுத்தூண் கங்காணி. தோட்டம் பெரிய கங்காணிக்கு முன்பணம் கொடுக்கும். அவர் ஊருக்குப் போய்த் தன் உறவிலும் சாதியிலும் அக்கம்பக்கத்துக் கிராமங்களிலும் ஆள் திரட்டுவார். அவருக்குக் கீழே சில்லறைக் கங்காணிகள் தத்தம் கூட்டத்தோடு சேர்வார்கள். ஊர்க்கடனை அடைத்த பணம், வழிச்செலவு, வழியில் சாப்பாடு, போய்ச் சேர்ந்ததும் கம்பளி, சட்டிபானை, பிறகு கல்யாணம், சாவு என்று எல்லாம் அந்த முன்பணத்தில் பற்று. இங்கே கவனிக்க வேண்டியது, கணக்கு இரண்டாகப் பிரிந்ததுதான். தோட்ட அலுவலகத்தின் ஏட்டில் கடன்காரர் பெரிய கங்காணி ஒருவரே. தொழிலாளி எவ்வளவு கடன்பட்டிருக்கிறார் என்பது கங்காணியின் சொந்தக் குறிப்பில் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவருக்கு அந்தக் குறிப்பைச் சரிபார்க்க வழியில்லை. துரைக்கு இது பெரிய வசதி. ஐந்நூறு பேரின் கடனையும் குணத்தையும் குடும்பத்தையும் அவர் அறிய வேண்டியதில்லை. ஒருவரை அறிந்தால் போதும். தனக்குத் தெரியாததைத் தெரிந்துகொள்ளும் செலவையும், ஆள் ஓடிப்போனால் வரும் நட்டத்தையும் சேர்த்தே அவர் கங்காணி தலையில் கட்டிவிட்டார்.

கங்காணியை இப்படி வெறும் கருவியாகப் பார்ப்பது தவறு என்று சொல்பவர்கள் உண்டு. அவர் ஊர்ப் பெரியவர், பஞ்சத்தில் சோறு காட்டியவர், வழக்குத் தீர்த்தவர், கோவில் திருவிழாவை முன்னின்று நடத்தியவர், துரையிடம் பேசத் தெரிந்த ஒரே ஆள். இதை மறுக்க வேண்டியதில்லை. உண்மையில் அந்த நம்பிக்கை இருந்ததால்தான் முறையே வேலை செய்தது. முகம் தெரியாத ஏஜென்ட் பின்னால் கடல் தாண்டிப் போகாத குடும்பம், சொந்தக்காரர் பின்னால் போனது. ஆனால் தோட்டம் அந்த உறவை எப்படிப் பயன்படுத்தியது என்று பார்க்க வேண்டும். கங்காணிக்குச் சம்பளத்தைவிட முக்கியமான வருமானம் தலைக்காசு. அவருடைய ஆட்களில் அன்று வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் இத்தனை சதம். காய்ச்சலில் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில், படுத்திருக்கும் பெண் இதுவரை உறவுக்காரி; இப்போது அவள் கங்காணிக்கு அன்றைய வரவில் ஒரு குறைவும்கூட. அவளை எழுப்பி வேலைக்கு அனுப்பத் துரை ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை. தலைக்காசு சொல்லிவிடும். பெரியவரின் பாசம் பொய்யாகவில்லை, ஆனால் அந்தப் பாசத்துக்கு எதிராக நாள்தோறும் ஒரு சிறு தொகை நிறுத்தப்பட்டது. எல்லாக் கங்காணிகளும் அதற்கு ஒரே மாதிரி இணங்கினார்கள் என்று நான் சொல்லவில்லை. இணங்கியவருக்குக் கூலி, இணங்காதவருக்கு நட்டம் என்று முறை அமைந்திருந்தது என்கிறேன்.

இன்னொரு மறுப்பு துரைமார் தரப்பிலிருந்தே வந்தது, இன்றும் சில நூல்களில் எதிரொலிக்கிறது: பிஜிக்கும் நேட்டாலுக்கும் போனவர்கள் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கட்டுண்டவர்கள், இலங்கைக்கு வந்தவர்களோ மாதக் கூலிக்காரர்கள், ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்தால் விலகிப் போகலாம். சட்டத்தின் எழுத்தில் இது சரி. அதே சட்டம், 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம், சொல்லாமல் வேலையை விட்டவரை மூன்று மாதம் வரை சிறையில் போட இடம் கொடுத்தது என்பதை முதலில் சேர்த்துக்கொள்வோம். முன்னறிவிப்பு கொடுத்தே கிளம்பினாலும் அடுத்த தோட்டம் கேட்பது துண்டு. துண்டு என்பது துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. இன்ன ஆள் அல்லது இன்ன கங்காணியின் கூட்டம் இவ்வளவு கடன் பட்டிருக்கிறது, அந்தத் தொகையைக் கட்டினால் விடுவிப்பேன் என்று அதில் இருக்கும். புதிய தோட்டம் பணத்தைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். கட்டிய தொகை அப்படியே புதிய ஏட்டில் பற்றாக ஏறும். ஆள் தட்டுப்பாடு இருந்த காலங்களில் கங்காணிகள் துண்டை வைத்துப் பேரம் பேசினார்கள். ஒவ்வொரு இடமாற்றத்திலும் மேலும் கொஞ்சம் முன்பணம் வாங்கினார்கள், அந்த அதிகமும் தொழிலாளியின் தலையில்தான் எழுதப்பட்டது. தான் வாங்காத கடனுக்காக, தனக்குத் தெரியாத விலையில் ஒரு குடும்பம் மலை விட்டு மலை மாறியது. அவர்கள் சுதந்திரமான கூலிக்காரர்கள் என்ற வாதத்துக்கு இதைவிட வேறு பதில் தேவையில்லை.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகரச் சீட்டும் வந்தது. புறப்படும் ஆளிடம் ஒரு சிறு தகரத் தகடு கொடுக்கப்படும். தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் அதில் பொறித்திருக்கும். வழியில் சாப்பாட்டுக்கும் ரயிலுக்கும் அவர் காசு கொடுக்க வேண்டியதில்லை. தகட்டின் எண்ணைப் பார்த்துச் செலவைத் தோட்டத்தின் பேரில் எழுதுவார்கள், தோட்டம் அதைக் கடனில் சேர்க்கும். வழியில் இறப்போர் தொகையைக் குறைத்தது இந்த ஏற்பாடு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1904இல் தோட்ட முதலாளிகள் திருச்சியில் நிறுவிய தொழில் ஆணையகமும், பிறகு வந்த, பயணிகள் தங்கிய மண்டபம் முகாமும், 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே தொடங்கிய கப்பல் ரயில் தொடர்பும் பயணத்தை இன்னும் பத்திரமாக்கின. பயணம் பத்திரமான அதே அளவுக்கு, ஊரிலிருந்து லயம் வரை ஒருவரும் கணக்கை விட்டு நழுவ முடியாமலும் போயிற்று.

தோட்டத்துக்குள் நடந்ததைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். விடியுமுன் தப்பு முழங்கும். லயங்களிலிருந்து ஆட்கள், வருகை எடுக்கும் பெரட்டுக் களத்துக்கு வந்து கங்காணிவாரியாக நிற்பார்கள். கங்காணி தன் ஆட்களைச் சொல்ல, கணக்கப்பிள்ளை எண்ணுவார். இத்தனை பேர் கொழுந்துக்கு, இத்தனை பேர் கவ்வாத்துக்கு, இத்தனை பேர் கான் வெட்ட என்று துரை பிரித்துவிடுவார். மலையில் கணக்கப்பிள்ளை மறுபடி எண்ணித் தன் கைப்புத்தகத்தில் குறிப்பார். மாலையில் கொழுந்து நிறுத்து முடிந்ததும் அந்தக் குறிப்பு அலுவலகத்துக்குப் போய், கிளாக்கர் கையால் செக்ரோல் என்ற நாள்வேலைப் பதிவேட்டில் ஏறும். ஒருவருக்கு அன்றைய கூலி உண்டு என்றால் அவருக்குப் பேர் போட்டாயிற்று என்பார்கள். வேலை குறைந்தாலோ நேரம் தவறினாலோ அரைப்பேர். இந்த ஏற்பாட்டின் நுட்பம், எண்ணுபவர்களின் லாபங்கள் ஒன்றோடொன்று மோதும்படி வைத்ததில் இருக்கிறது. தலை கூடினால் கங்காணிக்குத் தலைக்காசு. தலை கூடியும் வேலை கூடாவிட்டால் மாதச் சம்பளக்காரரான கணக்கப்பிள்ளைக்கு வசவு. ஆகவே ஒருவர் கூட்டிச் சொல்வதை மற்றவர் வெட்டுவார். கிளாக்கரோ களத்துக்குப் போகாதவர். தாளில் உள்ளது கூடுகிறதா என்பது மட்டுமே அவர் கவலை. துரை ஒவ்வொரு மலைக்கும் போகாமலேயே, மூன்று பேரின் கணக்கு ஒத்துப்போகிறதா என்று பார்த்து நாளை முடித்துவிடலாம். இன்றைய கணக்காய்வாளர்கள் பாடமாகப் படிக்கும் உள்கட்டுப்பாடு முழுதும் அந்தக் களத்தில் இருந்தது. அதில் பங்கில்லாத ஒரே ஆள், யாருடைய பேர் எழுதப்பட்டதோ அவர்.

துரையும் கணக்குக்குத் தப்பியவர் இல்லை. தோட்டம் பெரும்பாலும் லண்டனில் பதிவான கம்பெனியுடையது. கொழும்பில் அதன் காரியத்தைப் பார்த்தது ஓர் ஏஜென்சி நிறுவனம். ஆண்டுக்கு முன்கூட்டியே மதிப்பீடு அனுப்ப வேண்டும். ஓர் இறாத்தல் தேயிலைக்கு எத்தனை சதம் செலவாயிற்று என்று மாதந்தோறும் சொல்ல வேண்டும். விசிட்டிங் ஏஜென்ட் வந்து மலையையும் ஏட்டையும் பார்த்து அறிக்கை எழுதுவார். லண்டனில் விலை விழுந்தால் அந்த ஒற்றை எண்ணைக் குறைக்கச் சொல்லி மேலிருந்து கடிதம் வரும். நிலத்தின் விலையையோ நிலக்கரியின் விலையையோ துரையால் குறைக்க முடியாது. அவர் கைக்கு எட்டியது செக்ரோல் மட்டும்தான்.

நிர்வாகவியலில் வில்லியம் ஊச்சி 1979இல் எழுதிய கட்டுரை ஒன்று நிறுவனங்கள் ஆட்களைக் கட்டுப்படுத்தும் வழிகளை மூன்றாகப் பிரித்தது: சந்தை, அலுவலக விதி, குலம். விளைவை எளிதில் அளக்க முடிந்தால் விலையே போதும். செய்முறை தெரிந்தால் விதியும் மேற்பார்வையும் போதும். இரண்டும் கடினமான இடத்தில் ஒரே மதிப்பீடுகளைப் பகிர்ந்துகொண்ட குழுவின் கட்டுப்பாடே நிற்கும் என்பது அவர் வாதத்தின் சாரம். தேயிலைத் தோட்டத்தை வைத்துப் பார்த்தால் இந்தப் பிரிவினை ஒரு முக்கியமான விஷயத்தைத் தவறவிடுகிறது. இறாத்தல் கணக்கில் கொழுந்து சந்தை. செக்ரோல் அலுவலக விதி. கங்காணியின் கூட்டம் குலம். மூன்றும் ஒரே மனிதர்மீது ஒரே நாளில் விழுந்தன. அதிலும் குலத்தின் மதிப்பீடுகளைத் தோட்டம் பகிர்ந்துகொள்ளவில்லை. அதை முன்பணத்தாலும் தலைக்காசாலும் வாடகைக்கு எடுத்துக்கொண்டது. தேவை முடிந்தபோது வாடகையை நிறுத்தவும் அதனால் முடிந்தது.

அப்படி நிறுத்தும் காலம் 1920களில் வந்தது. துண்டு முறையால் கடன் ஏறிக்கொண்டே போவதாக 1908இலேயே ஓர் ஆணைக்குழு ஆராய்ந்திருந்தது. முதலாளிகளுக்கே கங்காணியின் பேரம் தலைவலியாகியிருந்தது. இந்தியாவிலிருந்து அழுத்தமும் சேர, 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் துண்டை ஒழித்தது. வேலையை விட்டதற்குச் சிறை என்பதும் போயிற்று. 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்து, 1929இன் தொடக்கத்தில் கூலி நடைமுறைக்கு வந்தது. மலைநாட்டில் ஒன்பது மணி நேர வேலைக்கு ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைக்கு 32. 1939இல் இந்திய அரசு இலங்கைக்குக் கூலியாட்கள் போவதைத் தடுத்ததும், ஊருக்குப் போய் ஆள் திரட்டும் கங்காணியின் பழைய தொழிலும் முடிந்தது. இவை பெரிய வெற்றிகள். துண்டு இல்லாத தோட்டம் துண்டு இருந்த தோட்டத்தைவிட நிச்சயமாக மேல். ஆனால் கட்டுப்பாடு தளரவில்லை. முன்பு கங்காணியின் குறிப்பேட்டில் இருந்த பிடி இப்போது அலுவலகத்தின் செக்ரோலுக்கு வந்தது. ஒரு நாளுக்கு எவ்வளவு கூலி என்பதைச் சட்டம் தீர்மானித்துவிட்டது; எது ஒரு நாள் என்பதைத் தீர்மானிக்கும் இடம் இன்னும் தோட்டத்தின் கையில் இருந்தது. அரைப்பேர் பழைய வழக்கம்தான், ஆனால் நாள்கூலியில் கைவைக்க முடியாமற்போன பிறகு அதன் கனம் கூடியது. இத்தனை இறாத்தல் எடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். மழையில் நனைந்த கொழுந்துக்கு இவ்வளவு, கூடைக்கு இவ்வளவு என்று தராசடியில் கழிவு. கழிக்கும் அளவைக் கொழுந்து எடுத்தவர் தீர்மானிப்பதில்லை.

பெண்களின் நிலை இதில் தனித்துச் சொல்லப்பட வேண்டியது. தேயிலையின் லாபம் கொழுந்தில், கொழுந்து பெண்களின் விரலில். செக்ரோலில் அவர்களுக்குத் தனிப் பேர் உண்டு. அந்த வகையில் குடும்பத்தின் நிழலில் மறைந்த ஊர் உழைப்பைவிட இது முன்னேற்றம் என்று வாதிட இடமிருக்கிறது. ஆனால் சம்பள நாளில் அந்தப் பேருக்கு எதிரே உள்ள பணத்தைக் கணவனோ தகப்பனோ வாங்கிப் போவது பரவலான வழக்கமாக இருந்தது. தோட்டமும் அதை ஏற்றுக்கொண்டது. லயத்துக்குள் ஒழுங்கு காக்க அதற்கு அது உதவியது. ஒரே ஒன்பது மணி நேரத்துக்கு 54க்கும் 43க்கும் இடையே 11 சதம் வித்தியாசத்தைச் சட்டமே எழுதி வைத்தது. அந்த வித்தியாசம் நீங்கி ஆணுக்கும் பெண்ணுக்கும் நாள்கூலி சமமாக 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பெரிய வேலை எதுவும் அளவில்லாமல் நடக்காது, எண்ணாமல் கூலி கொடுத்தால் அதில் ஏமாறுவதும் தொழிலாளிதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எழுதி வைத்த கணக்கு எழுதாத கணக்கைவிட மேல் என்பதைத் தோட்ட வரலாறே காட்டுகிறது. கங்காணியின் குறிப்பேட்டை எதிர்த்து வழக்காட முடியாது. செக்ரோலை எதிர்த்து வழக்காடலாம். சட்டம் 54 சதம் என்று சொன்ன பிறகு, ஏட்டில் குறைவாக இருந்தால் அதுவே சாட்சி. ஆனால் அதற்கு ஏட்டைப் படிக்கத் தெரிந்த ஒருவர் தொழிலாளியின் பக்கத்தில் இருக்க வேண்டும். தோட்டம் தனியார் நிலம். வெளியாள் நுழைந்தால் அத்துமீறல். தஞ்சையிலிருந்து போய் இலங்கையில் பத்திரிகை நடத்திய கோ. நடேசய்யர், புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் போனார் என்று சொல்லப்படுவது இதனால்தான். 1931இல் அவர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் தொடங்கியபோது துரைமாரும் பெரிய கங்காணிகளும் ஒன்றுசேர்ந்து எதிர்த்ததில் வியப்பில்லை. அவர் கூலி உயர்வு மட்டும் கேட்கவில்லை. கூட்டங்களில் சட்டத்தை எடுத்துச் சொல்லி, கணக்கைக் கேட்கும் உரிமை தொழிலாளிக்கும் உண்டு என்று பழக்கினார். அவர் மனைவி மீனாட்சியம்மை அதையே பாட்டாகப் பாடினார். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது போலீஸ் சுட்டு கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். சங்கம் வைக்கும் உரிமைக்கு முதலாளிமார் இறங்கி வந்து ஒப்பந்தம் செய்தது அதே ஆண்டில்தான். ஆகவே அளவு வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வியோடு நின்றுவிட முடியாது. அளப்பவரை அளக்கப்படுபவர் கேள்வி கேட்க முடிகிறதா என்பதில்தான் கூலி முறையும் கொத்தடிமை முறையும் பிரிகின்றன. இலங்கைத் தோட்டங்களில் அந்தக் கேள்வியைக் கேட்க ஏறக்குறைய நூறாண்டு ஆயிற்று.

ஏடுகளின் பிடி வேலையோடும் நிற்கவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இந்தத் தோட்டங்களில் வாழ்ந்த மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949இல் வந்த இந்திய, பாகிஸ்தானியக் குடியுரிமைச் சட்டம், 1946 ஜனவரி 1க்கு முன் மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் தொடர்ந்து இலங்கையில் வாழ்ந்ததை நிரூபித்தால் குடியுரிமை உண்டு என்றது. லயத்தில் பிறந்து வளர்ந்தவரிடம் நிலப்பத்திரம் இல்லை, வீட்டுவரி ரசீது இல்லை. பிறப்புப் பதிவு பலருக்கு இல்லை. அவர் அங்கே இருந்தார் என்பதற்கு எழுத்தில் இருந்த சாட்சி பெரும்பாலும் தோட்ட அலுவலகத்து ஏடு, அதுவும் அவர் கையில் இல்லாதது. இடையில் ஊருக்குப் போய்வந்த மாதங்கள் தொடர்ச்சி அறுந்ததற்கு ஆதாரமாக எடுத்துக்கொள்ளப்பட்டன. ஏறத்தாழ 8 லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. குடியுரிமை கிடைத்தது சுமார் 1.34 லட்சம் பேருக்கு. மிச்சமிருந்தவர்களை இரண்டு அரசுகளும் 1964இல் எண்ணிக்கையாகப் பங்கிட்டுக்கொண்டன: 5.25 லட்சம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, 1.5 லட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வதென்று. அந்தப் பேச்சில் தோட்டத் தொழிலாளரின் ஒப்புதல் கேட்கப்படவில்லை.